மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப்: பழைய காரின் கரகரப்பு எங்கிருந்து வந்தது?

பதினாறு ஆண்டுகள் ஓடிய எங்கள் பெட்ரோல் கார், ஐட்லிங்கில் நிற்கும்போது மட்டும் மணல் அரைபடுவதைப் போல் கரகரக்கத் தொடங்கியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அந்தச் சத்தம் வேகமெடுத்து, இன்ஜின் இரைச்சலுக்குள் கரைந்துவிடும். பானெட்டைத் திறந்து சிறிது நேரம் காதுகொடுத்துக் கேட்ட பணிமனையில், வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை ஒழுங்குபடுத்தும் டைமிங் செயின் தேய்ந்திருக்கும், முன்பக்கத்தைப் பிரித்தாக வேண்டும் என்றார்கள். வெறும் காதால் சொல்லப்பட்ட தீர்ப்பை நம்பி இன்ஜினைப் பிரிக்க மனம் வராததால் இந்தக் கருவியை வாங்கினேன்.

பார்வைக்கு மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப்தான். மார்பில் வைக்கும் வட்டத் தகட்டுக்குப் பதிலாக, சிறிய உலோகக் குப்பியும் அதில் திருகப்பட்ட மெல்லிய எஃகுக் கம்பியும் இருக்கின்றன. கம்பியின் நுனி படும் இடத்தின் அதிர்வு குப்பிக்குள் உள்ள சவ்வை அசைக்க, அது ரப்பர் குழாய் வழியே காதை அடைகிறது. நீண்ட ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதோடு அழுத்திக் கேட்கும் மெக்கானிக்குகள் செய்வதும் இதைத்தான். இதில் முகத்தைப் பெல்ட்டுக்கு அருகே கொண்டுபோக வேண்டியதில்லை.

முதல் நாள் இக்கருவி என்னைப் பயமுறுத்தியது என்பதே உண்மை. கம்பியை எங்கே வைத்தாலும் ஏதோ ஒன்று உடையப்போவதைப் போலவே கேட்டது. எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் மேல் வைத்தபோது எழுந்த கூர்மையான டிக்டிக் இயல்பானது என்பதும், நான்கும் ஒரே சீராக ஒலிக்கின்றனவா என்பதையே கவனிக்க வேண்டும் என்பதும் பிறகுதான் பிடிபட்டன. இன்ஜின் 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 800 சுற்று) சுழலும்போது, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் அதில் பாதியாக 400 சுற்றுகளே சுற்றும். ஆகவே வால்வுப் பகுதியின் தட்டல் மெதுவான தாளத்திலும், இன்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டைச் சார்ந்த தட்டல் அதைவிட இருமடங்கு வேகத்திலும் வரும். எங்கள் காரில் கேட்டதோ தட்டலே அல்ல, இடைவிடாத உராய்வு. அதனால் என் சந்தேகம் பெல்ட் சுழற்றும் பாகங்களின் பக்கம் திரும்பியது.

உலோகம் ஒலியை எளிதாகக் கடத்துவதால், ஓரிடத்தில் பிறந்த சத்தம் இன்ஜின் முழுவதும் பரவிவிடுகிறது. டைமிங் செயினை மூடியிருக்கும் டைமிங் கவரின் மேல் கம்பியை வைத்தபோதும் கரகரப்பு கேட்கத்தான் செய்தது, ஆனால் சுவருக்கு அப்பால் யாரோ பேசுவதைப் போல மங்கலாக. வாட்டர் பம்ப்பில் அது இன்னும் குறைந்தது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் உடலில் சற்றுக் கூடியது. பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளையான ஐட்லர் புல்லியின் நடுவிலிருந்த, சுழலாத போல்ட்டின் தலையைத் தொட்ட நொடியில் காதுமுனைகளைப் பிடுங்கி எறியும் அளவுக்குச் சத்தம் பாய்ந்தது. உறுதிப்படுத்திக்கொள்ள இன்ஜினை அணைத்துப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அரை நிமிடத்துக்கும் குறைவாக மீண்டும் ஓடவிட்டேன். கரகரப்பு அறவே இல்லை. பெல்ட் இல்லாதபோது வாட்டர் பம்ப்பும் நின்றுவிடுவதால் அதற்கு மேல் ஓட்டுவது நல்லதல்ல. அணைத்தபின் புல்லியைக் கையால் சுழற்றிப் பார்த்ததில், பேரிங்கின் நெருடல் விரல் நுனியிலேயே தெரிந்தது.

குறைகளும் உண்டு. கம்பி குட்டையாக இருப்பதால் அடியில் உள்ள, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை எட்டவில்லை. காதுமுனைகள் கடினமான பிளாஸ்டிக். பத்து நிமிடத்தில் வலிக்கின்றன. ரப்பர் குழாய் எதிலாவது உரசினால் அதுவே புதிய கோளாறைப் போல் ஒலிக்கிறது. கம்பிக்கு உறை எதுவும் இல்லாததால் பேட்டரி முனைகளின் அருகே மிகவும் கவனம் தேவை. தொங்கும் குழாய் பெல்ட்டிலோ விசிறியிலோ சிக்கிவிடக் கூடும் என்ற எச்சரிக்கையைக்கூட உடன் வந்த தாளில் அச்சிடவில்லை, இது பொறுப்பின்மை. மேலும், வண்டி ஓடும்போது மட்டும் வரும் சத்தத்துக்கு இது உதவாது. எக்ஸாஸ்ட் கசிவைத் தேடுவதற்குக் கம்பியைக் கழற்றிவிட்டுத் திறந்த குழாயை மூட்டுகளின் அருகே, சூடான உலோகத்தில் படாமல், நகர்த்துவதே சரியாக வருகிறது.

வேறொரு பணிமனையில் புல்லியை மட்டும் மாற்றினார்கள். டைமிங் கவரை யாரும் தொடவில்லை, கரகரப்பும் திரும்பவில்லை. ஆனால் அந்தப் பெரிய சத்தம் அடங்கிய பிறகு ஆல்டர்னேட்டரில் மெல்லிய சீறல் ஒன்று கேட்கிறது. அடுத்த ஆயில் மாற்றத்தின்போது அதே இடத்தில் மீண்டும் கம்பியை வைத்துப் பார்க்க வேண்டும்.