180 ரூபாய் ஹோஸும் 38,000 ரூபாய் எஸ்டிமேட்டும்

போன வாரம் கல்லூரி நண்பன் போன் செய்தான். "உன் செடான் மாதிரியே ஒண்ணு விலைக்கு வருது மச்சான். 2012 மாடல், ஒரே ஓனர். எடுக்கலாமா?" பத்து நாள் முன்னால் கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்கும் பதிலை இங்கே எழுத முடியாது. இப்போது வண்டி சரியாகிவிட்டது, அதனால் நிதானமாகவே எழுதுகிறேன்.

டர்போ இல்லாத 1.8 லிட்டர் பெட்ரோல். பதினோரு வருடம், 1,30,000 கிலோமீட்டர். மைலேஜ், சஸ்பென்ஷன் எல்லாம் நூறு பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு இந்த வண்டியில் பிடித்தது ஒன்றே ஒன்றுதான்: 4,200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) தாண்டியதும் இன்ஜின் குரல் மாறும். பெருந்துறைப் பக்கம் ஹைவேயில் லாரியை முந்தும்போது, அதுவரை முனகிக்கொண்டிருந்தது சட்டென்று சுதி ஏற்றிப் பாடும். அதற்காகவே தேவையில்லாமல் கியரைக் குறைத்த நாட்கள் உண்டு.

காரணம் இன்டேக் மேனிஃபோல்ட், அதாவது இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுப்பு. காற்று உள்ளே போக இதில் இரண்டு வழி, ஒன்று நீளம், ஒன்று குட்டை. வால்வு திறந்து பிஸ்டன் இழுத்ததும் ஒரு அழுத்த அலை குழாய் வழியே பின்னால் ஓடி, முனையில் எதிரொலித்துத் திரும்பும். வால்வு மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அது வந்து சேர்ந்தால், கூடுதலாக ஒரு மடக்குக் காற்றை உள்ளே தள்ளிவிடும். 2,000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 30 மில்லி செகண்ட். நிறைய நேரம், அதனால் அலை ஓடிவர நீளக் குழாய் வேண்டும். 6,000-த்தில் 10 மில்லி செகண்ட்தான், குட்டைக் குழாய் போதும். புல்லாங்குழலில் விரலைத் தூக்கினால் காற்றுத்தூண் குறுகுகிறது இல்லையா, இங்கே விரலுக்குப் பதில் ஒரு ஃபிளாப், குழாய்க்குள் திறந்து மூடும் சின்னத் தகடு. என் வண்டியில் இரண்டே நிலை: 4,200 வரை நீளம், அதற்கு மேல் குட்டை. 1991-இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த மஸ்டா 787பி ரேஸ் காரில் குழாய்கள் இன்ஜின் வேகத்துக்கேற்ப நீண்டு சுருங்கிக்கொண்டே இருக்குமாம். அந்த யோகமெல்லாம் நமக்கில்லை.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். எட்டு மாதம் முன்னால் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறினோம். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூவில் நிறுத்திவிட்டு மறுபடி கிளம்பியதும்தான் உறைத்தது. இரண்டாம் கியரில் 1,800-இல் வண்டி இழுக்கவே இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முதல் கியர். பின் சீட்டிலிருந்து அம்மா, "ஆட்டோவே வேகமா போகும்டா" என்றார்.

சர்வீஸ் சென்டரில் முதல் தடவை பெட்ரோல் சரியில்லை என்றார்கள். இரண்டாம் தடவை பிளக் மாற்றி, த்ராட்டில் பாடியைக் கழுவி பில் போட்டார்கள். செக் இன்ஜின் லைட் எரியவில்லை, அதனால் ஸ்கேனரிலும் ஒன்றும் இல்லை. மூன்றாம் தடவை, "மேனிஃபோல்ட் அசெம்பிளி போயிருச்சு சார், உள்ளே இருக்கிற ஃபிளாப் தனியா வராது" என்று 38,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். அசெம்பிளியாகத்தான் வரும் என்பது உண்மை, விசாரித்தேன். ஆனால் போயிருப்பது அதுதான் என்று எதை வைத்துச் சொன்னார்கள்?

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறந்தார். "ஸ்டார்ட் பண்ணதும் இந்த ராடு உள்ளே இழுக்கணும் தம்பி" என்று ஃபிளாப்பைத் திருப்பும் ஆக்சுவேட்டரைக் காட்டினார். அசையவில்லை. இன்ஜினின் உறிஞ்சு இழுப்பை அதற்குக் கொண்டுவரும் மெல்லிய வேக்குவம் ஹோஸைக் கழற்றிவிட்டு, மருந்துக்கடை சிரிஞ்சை அங்கே செருகி இழுத்தார். ராடு சமர்த்தாக உள்ளே போய் அப்படியே நின்றது. ராடை இழுக்கும் ரப்பர் டயாஃப்ரம் ஓகே, ஃபிளாப் ஓகே. சூட்டில் காய்ந்து நுனியில் பிளந்திருந்த ஒரு அடி ஹோஸ்தான் கோளாறு. 180 ரூபாய். கூலி கேட்டதற்கு டீ வாங்கித் தரச் சொன்னார்.

அப்போதுதான் புரிந்தது. வேக்குவம் இல்லாவிட்டால் என் வண்டி குட்டைக் குழாயிலேயே நின்றுவிடும். ஹைவேயில் வேகம் குறையவில்லை, அதனால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. 4,200-இல் குரல் மாறாததைக்கூட ரோடு சத்தத்தில் எனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஏசி போட்டால் ஐடிலில் வந்த லேசான நடுக்கத்தை வயசு என்று விட்டது என் தப்பு. இத்தனை வருடம் ஆர்பிஎம் மேலே ஏறும்போது கிடைக்கும் குஷிதான் இந்த மேனிஃபோல்ட் என்று பீற்றிக்கொண்டிருந்தேன். அது தினமும் எனக்கு உதவி செய்துகொண்டிருந்தது கீழே, குறைந்த ஆர்பிஎம்மில், சிக்னலிலும் மலையிலும். மறுபடி வால்பாறை போனபோது அதே வளைவுகளில் இரண்டாம் கியரே போதுமாக இருந்தது. அம்மா தூங்கிவிட்டார்.

நியாயமாகச் சொன்னால், ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் தாங்கிய ரப்பர் குழாயைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது போனால் டிரைவருக்கு ஒரு லைட்டுகூட எரியாத மாதிரி வடிவமைத்தவரை எனக்கு மன்னிக்கத் தோன்றவில்லை. இன்றைய சின்ன டர்போ இன்ஜின்கள் 1,800-க்குள்ளேயே நன்றாக இழுக்கின்றன, இந்தத் தலைவலி இல்லை. பாடவும் பாடாது.

நண்பனிடம் எடுக்காதே என்றுதான் சொன்னேன். "அப்போ உன் வண்டியை நீ விக்கப் போறியா?" என்றான். இல்லை என்றேன். அவன் சிரித்த சிரிப்பில், ஞாயிற்றுக்கிழமை எப்படியும் பார்க்கப் போவான் என்று தெரிந்துவிட்டது. போகும் வழியில் மருந்துக்கடையில் ஒரு பெரிய சிரிஞ்சாக வாங்கிக்கொள் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.