கொழுப்பு காட்டும் எடை மிஷின்: மூன்று மாதம் ஏறி நின்ற பிறகு

எடைக்கு நாலு ஸ்டார், கொழுப்பு சதவீதத்துக்கு ரெண்டு. 1,300 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம், இந்த விலையில் வருவதெல்லாம் ஏறக்குறைய இதே சாமான்தான்.

கண்ணாடித் தட்டின் மேல் நாலு உலோகப் பட்டை. வெறுங்காலோடு ஏறினால் ரெண்டு பட்டை வழியாக மிகச் சின்ன ஏசி மின்சாரம் (திசை மாறி மாறி ஓடுவது) உடம்புக்குள் போகும், இன்னும் ரெண்டு பட்டை வோல்டேஜை அளக்கும். பெரும்பாலான மிஷின்களில் அதன் அதிர்வெண் 50 கிலோஹெர்ட்ஸ், அளவு ஒரு மில்லி ஆம்பியருக்கும் கீழே, உடம்புக்கு ஒன்றும் தெரியாது. தசையில் தண்ணீரும் உப்பும் இருப்பதால் மின்சாரம் சுலபமாகப் போய்விடும், கொழுப்பு மறிக்கும். அந்த மறிப்புக்குத்தான் இம்பிடன்ஸ் என்று பெயர். வெறும் ரெசிஸ்டன்ஸ் என்று சொல்லாததற்குக் காரணம், உடம்புச் செல்லின் சவ்வு, மின்சாரத்தைக் கொஞ்சம் சேமித்து விடும் கெப்பாசிட்டர் மாதிரி நடந்துகொள்ளும், அதனால் அதிர்வெண் மாறினால் மறிப்பும் மாறும். மைக்செட் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை: 8 ஓம் ஸ்பீக்கரை மல்டிமீட்டரில் வைத்தால் 6 ஓம் சுமாருக்குத்தான் காட்டும், ஏனென்றால் மீட்டர் டிசியில், அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தில், அளக்கிறது, அந்த 8 என்பது ஏசி கணக்கு.

சரி, குறை எங்கே? மின்சாரம் ஒரு கால் வழியாக ஏறி மறு கால் வழியாக இறங்கிவிடுகிறது, தொப்பை பக்கம் பெரிதாக எட்டிப் பார்ப்பதே இல்லை. மீதி எல்லாம் வயது, உயரம், எடையை வைத்துப் போடும் சூத்திரம். சந்தேகத்தில் ஆப்பில் என் உயரத்தை 168-லிருந்து 178 ஆக மாற்றினேன், ஒரு நிமிடத்தில் மூன்று சதவீதத்துக்கு மேல் கொழுப்பு கரைந்தது! ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு உடனே ஏறினால் எடை ஒரு கிலோ கூடும், ஆனால் தண்ணீர் வயிற்றில் இருப்பதால் காலின் இம்பிடன்ஸ் அப்படியே இருக்கும், மிஷினோ அந்தத் தண்ணீரில் ஒரு பங்கைக் கொழுப்பு என்று எழுதிவிடும். வெந்நீரில் குளித்துவிட்டு ஏறினால் கொழுப்பு எண் குறையும். சாயங்காலம், காலில் நீர் இறங்கியிருக்கும் நேரம், இன்னும் குறையும். அதனால் காலையில் எழுந்து, பாத்ரூம் போய்விட்டு, எதுவும் குடிக்காமல், தினமும் அதே நேரத்தில் பார்ப்பதுதான் ஒரே வழி, அப்போதும் அன்றைய எண்ணை நம்பாமல் மாதக் கணக்கில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அம்மாவுக்குப் பித்தவெடிப்பு, ஏறினாலே எரர் வரும். ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்த பிறகு ஒழுங்காகக் காட்டியது. ஸ்கேன் சென்டரில் வயிற்றில் ஜில்லென்று ஜெல் தடவுவதும் கிட்டத்தட்ட இந்தக் கதைதான், அங்கே மின்சாரத்துக்குப் பதில் ஒலி. காற்றுக்கும் உடம்புக்கும் ஒலி இம்பிடன்ஸ் சில ஆயிரம் மடங்கு வித்தியாசம், நடுவில் மெல்லிசாகக் காற்று இருந்தால்கூட ஒலி முழுக்கத் திரும்பிவிடும், உள்ளே எதுவும் தெரியாது.

ஒரு விஷயம் பெட்டியின் மேலேயே பெரிதாகப் போட்டிருக்க வேண்டும், இவர்கள் உள்ளே இருக்கும் தாளில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதில் ஏறக்கூடாது, கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். இதற்காகவே ஒரு ஸ்டாரைப் பிடுங்கினேன். பெரியப்பாவுக்குப் பேஸ்மேக்கர் இருக்கிறது, அவருக்காகப் பரணிலிருந்து பழைய முள் மிஷினை இறக்கினோம். அது ரெண்டு கிலோ குறைவாகக் காட்டுகிறது, "இதுதான் சரியான மிஷின்" என்கிறார்.