மட்டியின் சினையும் ஒட்டுண்ணியும்: எந்தச் சோதனைக்கு என் ஓட்டு?

கொரியாவின் மேற்குக் கரையில் கடல் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேற்றுத் தரைதான். அங்கே தோண்டி எடுக்கிற மணிலா மட்டி வசந்தத்தில் சினை பிடித்து, கோடையிலும் அதையொட்டியும் முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விடும். அதன் செவுளில் பெர்கின்சஸ் ஓல்செனி என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி குடியிருக்கும். இரண்டையும் சேர்த்துக் கண்காணிக்க எந்த முறை சரி?

மலிவானது சதைக் குறியீடு. உலர்ந்த சதையின் எடையை ஓட்டின் எடையால் வகுத்தால் போதும், தராசும் அடுப்பும் இருந்தால் யாரும் செய்யலாம். ஆனால் ஆகஸ்ட், செப்டம்பரில் எண் சரிந்தால் மட்டி சினையைக் கொட்டிவிட்டதா, நோயில் மெலிந்ததா என்று அது சொல்லாது. அதை மட்டும் வைத்து முடிவுக்கு வருகிற அறிக்கைகளை நான் நம்புவதில்லை.

ஒட்டுண்ணியை எண்ண வேண்டுமா, அமெரிக்க ஆய்வாளர் சாமி ரே 1952இல் சிப்பிகளுக்காகக் கொண்டுவந்த, தயோகிளைகோலேட் என்ற ரசாயனம் கலந்த ஊடகத் திரவத்தை இன்னும் எதுவும் ஓரங்கட்டவில்லை. செவுளை அதில் போட்டு ஒரு வாரம் போல இருட்டில் வைத்தால் ஒட்டுண்ணிச் செல்கள் எண்ணிக்கையில் கூடாமல் ஒவ்வொன்றும் பல மடங்கு பருத்துவிடும். அயோடின் விட்டால் கருநீலமாகத் தெரியும். திசுவைச் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்துவிட்டால் ஒரு கிராமுக்கு எத்தனை என்று எண்ணியே சொல்லலாம். சினையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடைக்காது.

என் ஓட்டு திசுச் சீவலுக்கு. மட்டியின் நடுவில் குறுக்காக ஒரு துண்டு வெட்டி, மெழுகில் பதித்து, சில மைக்ரான் கனத்தில் சீவிச் சாயமேற்றிப் பார்ப்பது. வேலை அதிகம், லேசான தொற்று அந்தச் சின்னத் துண்டில் சிக்காமல் போகலாம், சரி. ஆனால் ஆணா பெண்ணா, முட்டை முதிர்கிறதா, கொட்டி முடிந்ததா, பெர்கின்சஸைச் சுற்றி இரத்தச் செல்கள் குவிந்திருக்கின்றனவா என்பதையெல்லாம் ஒரே கண்ணாடித் தகட்டில் பார்க்கலாம். அப்புறம், மற்ற இரண்டும் கோட்டை விடுகிற ஆள் ஒன்று உண்டு: தட்டைப்புழுவின் குஞ்சுப் பருவம். அது சினை இருக்க வேண்டிய இடத்தை நிரப்பி மட்டியை மலடாக்கிவிடும். சதை எடை மட்டும் நன்றாகவே இருக்கலாம், ஏனென்றால் தராசில் ஏறுவதில் ஒரு பங்கு புழு! ரேயின் ஊடகத்திலும் அது அகப்படாது.

பிசிஆர், அதாவது டிஎன்ஏவைப் பல படிகளாக நகலெடுத்துக் கண்டுபிடிக்கிற சோதனை? ஒட்டுண்ணி எந்த இனம் என்று பிரிக்க அது வேண்டும். ஜப்பானில் இதே மட்டியில் பெர்கின்சஸ் ஹொன்ஷூவென்சிஸ் என்று இன்னொன்றும் இருக்கிறது, அயோடினில் இரண்டும் ஒரே நிறம்தான். ஆனால் டிஎன்ஏ அகப்பட்டதாலேயே ஒட்டுண்ணி திசுவில் வேரூன்றிவிட்டது என்று ஆகாது.

கையில் ஒரே மட்டிதான் என்றால் ஒரு பக்கச் செவுளை ஊடகத்துக்குக் கொடுங்கள், உடலின் நடுத்துண்டைச் சீவலுக்கு வையுங்கள். மிச்சத்தில் கொஞ்சம் ஆல்கஹாலில் போட்டு வைத்தால் பிசிஆர் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.