ஸ்டெம் இறுகிப்போன சைக்கிளா? குன்னூர்ல இந்தக் கடைக்கு போங்க

பழைய ஸ்டீல் பிரேம் சைக்கிள் வச்சிருக்கறவங்க, அதுவும் நீலகிரி மழைல ஓட்டறவங்க, இதை முழுசா படிச்சிடுங்க. ஹேண்டில்பாரைத் தாங்கற தண்டு, அதாவது ஸ்டெம், முன் சக்கரத்தைப் புடிச்சிருக்கற போர்க்குக்குள்ள இறுகி மேலயும் வராம கீழயும் போகாம நின்னுடுச்சுன்னா, போர்க்குக்கு ஒண்ணும் ஆகாம ஸ்டெம்மை மட்டும் வெளிய எடுத்துக் குடுக்கற ஆள் ஒருத்தர் இங்க இருக்கார். லோயர் குன்னூர்ல, மார்க்கெட் பக்கம் படி இறங்கற சந்து ஒண்ணுல. கடைக்கு போர்டு எல்லாம் கிடையாது, வெளிய ரெண்டு ரிம் தொங்கும், அதான் அடையாளம்.

என் சைக்கிள் எங்க மாமா ஓட்டினது. ஸ்டீல் பிரேம், டிராப் பார், 1 இன்ச் திரெட் போட்ட போர்க், அலுமினியம் குவில் ஸ்டெம் (போர்க் குழாய்க்குள்ள இறங்கி நிக்கற பழைய மாடல்). ஹேண்டில் கொஞ்சம் மேல ஏத்தணும், கூடவே திருப்பும்போது ஒரு இடத்துல மாட்டி மாட்டி போகுது, அதையும் பாக்கணும், அவ்ளோதான் வேலை. கீழ சமவெளில ஒரு பெரிய ஷோரூம்ல காட்டினேன், அஞ்சு நிமிஷம் ஆட்டிப் பாத்துட்டு "வராது சார், போர்க்கோட வெட்டிட்டு வேற போர்க் போட்டுக்கலாம்"னுட்டாங்க. வேற போர்க் எங்க கிடைக்கும்? 1 இன்ச் திரெட் போர்க், அதுலயும் நம்ம ஹெட் டியூப் (பிரேமோட முன் குழாய்) நீளத்துக்கு சரியான ஸ்டியரர் (அதுக்குள்ள போற போர்க்கோட மேல் குழாய்), நம்ம பிரேக் எட்டற அளவு, பிரேமுக்கு ஏத்த பெயிண்ட், இதெல்லாம் சேந்து இன்னைக்கு கடைல கேட்டா சிரிப்பாங்க. நல்லா இருக்கற போர்க்கை, 22.2 மிமீ தண்டு ஒண்ணு மாட்டிக்கிச்சுன்னு வெட்டறதை என்னால ஒத்துக்கவே முடியல.

குன்னூர் அண்ணன் சைக்கிளைப் பாத்ததும் கேட்ட முதல் கேள்வி, "மட்கார்டு எப்பவுமே இல்லையா தம்பி?" இல்லண்ணேன்னேன். சைக்கிளை கவுத்துப் போட்டு போர்க் கிரவுனுக்கு, அதாவது போர்க்கோட ரெண்டு காலும் சேர்ற இடத்துக்கு, அடில இருக்கற ஓட்டையைக் காட்டினார். அந்தப் பக்கம் அடைப்பு எதுவும் கிடையாது, மழைல முன் சக்கரம் வாரி அடிக்கற தண்ணி நேரா ஸ்டியரர் குழாய்க்குள்ள ஏறும். வடகிழக்கு மழை நம்மூர்ல எப்படி பெய்யும்னு சொல்லவே வேணாம், ஊட்டிக்கு ஆடி மழைன்னா குன்னூர் கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகைதான், அது போக வருஷத்துல பாதி நாள் மிஸ்ட். உள்ள ஈரம் இருக்கு, அலுமினியமும் ஸ்டீலும் ஒட்டி நிக்குது, கிரீஸ் காஞ்சு போச்சு, அலுமினியம் அரிக்க ஆரம்பிக்குது. அரிச்சு வர்ற வெள்ளை மாவுக்கு அலுமினியத்தை விட இடம் ஜாஸ்தி வேணும், அது போய் இடுக்குல நெரிஞ்சு உக்காந்து ஆப்பு அடிச்ச மாதிரி இறுக்கிடும்.

எனக்கு ரொம்ப புடிச்சது, சுத்தியல் எடுக்கறதுக்கு முன்னாடி மாட்டியிருக்கறது எதுன்னு அவர் கண்டுபிடிச்ச விதம். நிறைய பேர் இங்கதான் தப்பு பண்றாங்க. ஸ்டெம்முக்கு அடில இருக்கற வெட்ஜ் (போல்ட்டை இறுக்கினா தண்டை குழாய்க்குள்ள புடிச்சு நிறுத்தற ஆப்புத் துண்டு) மாட்டியிருக்கலாம், இல்ல தண்டே மாட்டியிருக்கலாம், ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. 6 எம்எம் ஆலன் கீ போட்டு மேல் போல்ட்டை மூணு சுத்து லூஸ் பண்ணார், போல்ட் தலை கொஞ்சம் எழும்பிச்சு, மேல மரக்கட்டை வச்சு ஒரே தட்டு, டொக்குன்னு போல்ட் இறங்கிடுச்சு. அடில டார்ச் அடிச்சு பாத்துட்டு "வெட்ஜ் விட்டுருச்சு, தண்டுதான் புடிச்சிருக்கு"ன்னார். போல்ட்டை முழுசா கழட்டினா வெட்ஜ் கீழ வந்து விழுந்துச்சு. லூஸ் பண்ணாமயே ஹேண்டிலை முறுக்கறது, போல்ட்டை முழுசா கழட்டிட்டு வெறும் ஸ்டெம்மை அடிக்கறது, இதெல்லாம் பண்ணித்தான் பாதி சைக்கிள் கெட்டுப் போகுது.

அப்புறம் ஹெட்செட் (ஹேண்டில் திரும்பறதுக்கு இருக்கற பேரிங் செட்) லாக்நட்டை 32 சைஸ் மெல்லிசு ஸ்பேனர்ல லூஸ் பண்ணி மேல தூக்கி விட்டார், ஸ்டியரர் வாய் தெரிஞ்சுது, அந்த இடுக்குல பெனட்ரேட்டிங் ஆயில் விட்டார். சாதா டபிள்யூடி 40 இல்ல, துருப்புடிச்ச போல்ட்டுக்குன்னே வர்ற ஆயில். திரும்ப சைக்கிளை கவுத்துப் போட்டு அடி ஓட்டை வழியாவும் ஊத்தி அப்படியே விட்டுட்டார். "இதுக்கு அவசரம் ஆகாது தம்பி, ஊறட்டும், நீங்க போயிட்டு வாங்க." ஊற வச்சதுலயே பாதி வேலை முடிஞ்சுதுன்னு எனக்கு தோணுது.

திரும்ப போனப்ப மீன் கடைல இருந்து ஐஸ் வாங்கி வச்சிருந்தார். கேஸ் டார்ச் வச்சா பெயிண்ட் போயிடும், அது மட்டும் இல்ல, அலுமினியம் சூட்டுல ஸ்டீலை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், சூடு பண்ணா இன்னும் இறுகத்தான் செய்யும். குளிர வச்சா அதே கணக்குல அதிகமா சுருங்கும். ஸ்டெம் ஓட்டைக்குள்ள ஐஸைத் தட்டிப் போட்டு, மேல துணி சுத்தி அதுலயும் ஐஸ். நான் வீட்டுக்கு வந்து கணக்கு போட்டேன், 20 டிகிரி இறங்கினா 22 மிமீ தண்டுல வர்ற வித்தியாசம் ஒரு மிமீல இருநூத்துல ஒரு பங்கு, தலைமுடி தடிமன்ல பத்துல ஒண்ணு கூட தேறாது. ஐஸ் மட்டும் எடுத்துடாதுதான், ஆனா மாவு லேசா விரிசல் விட்டாலே ஆயில் உள்ள இறங்க வழி கிடைச்சிடும்.

கடைசில முறுக்கல். முன் சக்கரத்தை காலுக்கு நடுவுல இடுக்கிட்டு ஹேண்டிலை முறுக்கறதைத்தானே எல்லா இடத்துலயும் பாக்கறோம், லேசா இறுகினதுக்கு அது சரி, இவ்ளோ இறுகினதுக்கு பண்ணா போர்க் காலும் ரிம்மும் வளையும். இவர் சக்கரத்தை கழட்டிட்டு, போர்க் கிரவுனை ரெண்டு மரக்கட்டைக்கு நடுவுல வச்சு பெஞ்ச் வைஸ்ல புடிச்சார், பிரேமை ஒரு பையன் தாங்கிட்டு நின்னான், ஸ்டெம் கிளாம்ப்ல ஒரு பழைய இரும்பு ஹேண்டில்பாரை மாட்டி இந்தப் பக்கம் ஒரு அழுத்து, அந்தப் பக்கம் ஒரு அழுத்து. இழுக்கவே இல்ல. ஒரு கட்டத்துல கிர்ர்ருனு சத்தம், அண்ணன் உடனே நிறுத்தி இன்னும் ஆயில் விட்டார், மறுபடி அழுத்து, நூல் அளவுக்கு திரும்பிச்சு, அப்புறம் கால் சுத்து, அப்புறம் திருகிட்டே மேல வந்துடுச்சு. தண்டு பூரா சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளை, தொட்டா பொடிப்பொடியா கொட்டுது, அடிப்பக்கம் குழி குழியா அரிச்சிருந்தது. "இதை திரும்ப போடாதீங்க, இறக்கத்துல ஒடைஞ்சா தாங்க முடியாது"ன்னு கண்டிப்பா சொல்லிட்டார். மேட்டுப்பாளையம் இறக்கத்துல 14 கொண்டை ஊசி இருக்கு, அங்க ஹேண்டில் கையோட வந்தா என்ன ஆகும்னு யோசிங்க. அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி.

ஹெட்செட்டையும் பிரிச்சார். மாட்டி மாட்டி திரும்பினதுக்கு காரணம் அடி கப்புல பால்ஸ் உக்காந்து உக்காந்து வரிசையா விழுந்த குழி. அதுக்கு பால்ஸ் மட்டும் மாத்தினா பத்தாது, கப்பையும் மாத்தணும். 5/32 இன்ச் பால்ஸ் அவர்கிட்டயே இருந்தது, கப் செட் ஆன்லைன்ல நான் வாங்கிக் குடுத்தேன். வாங்கறதுக்கு முன்னாடி வெர்னியர் வச்சு கிரவுன் ரேஸ் (போர்க் கிரவுன் மேல மாட்டற பேரிங் வளையம்) உக்கார்ற இடத்தை அளந்து சொன்னார், 26.4 மிமீ, 27.0 மிமீன்னு ரெண்டு அளவு வரும், மாத்தி வாங்கினா ஒண்ணு லூஸா ஆடும், இன்னொண்ணு ஏறவே ஏறாது. ஸ்டியரர் உள்பக்கம் குச்சில எமரி ஷீட் சுத்தி தேச்சு, துணி விட்டு துடைச்சு, புது ஸ்டெம்முக்கு கிரீஸை நல்லா தடவி இறக்கினார்.

குறையும் இருக்கு, சொல்லிடறேன். என்னைக்கு ரெடின்னு தேதி சொல்ல மாட்டார், போன் எடுக்க மாட்டார், பில் கிடையாது. லாக்நட் ஓரத்துல ஸ்பேனர் வழுக்கின சின்ன கீறல் ஒண்ணு விழுந்துடுச்சு, கேட்டப்ப மறைக்காம ஒத்துக்கிட்டார். கார்பன் போர்க், ஹைட்ராலிக் பிரேக்குக்கெல்லாம் இங்க போகாதீங்க, அவரே திருப்பி அனுப்பிடுவார். கூலி 600 ரூபா வாங்கினார். அந்த உழைப்புக்கு கம்மின்னுதான் சொல்லுவேன், கூட குடுத்தாலும் வாங்கல. என் மார்க் 5க்கு நாலரை.

காஸ்டிக் சோடா ஊத்தினா கரைஞ்சுடும்னு யாராவது சொன்னா உடனே இறங்கிடாதீங்க. அலுமினியத்தை கரைக்கும், ஸ்டீலை விட்டுடும், அது உண்மைதான். ஆனா ஹைட்ரஜன் கேஸ் வரும், சூடாகி தெறிக்கும், கண்ணுல பட்டா பார்வையே போயிடலாம், பெயிண்ட்டும் உரியும். அண்ணன் அதைத் தொடறதே இல்ல. முறுக்கியும் வரலன்னா ஸ்டெம்மை ஹெட்செட்டுக்கு மேல அறுத்துட்டு, ஹேக்சா பிளேடை உள்ள விட்டு தண்டை மட்டும் நீளவாக்குல கீறி, உள்பக்கமா மடக்கி எடுப்பாராம். அப்பவும் போகப் போறது ஸ்டெம் மட்டும்தான், போர்க் தப்பிச்சிடும்.

போறப்ப சீட் போஸ்ட்டையும் கழட்டி கிரீஸ் போட்டுக் குடுங்கன்னு சேத்து சொல்லிடுங்க. ஸ்டீல் பிரேம்ல அலுமினியம் போஸ்ட்டுன்னா அங்கயும் இதே கதைதான், அது இறுகினா எடுக்கறது இதை விட கஷ்டம். வெள்ளிக்கிழமை மதியம் கடை கிடையாது, பேஞ்சு ஊத்தற நாள்லயும் திறக்க மாட்டார், காலைல பத்து மணிக்கு மேல போங்க.