"வீல்சேர் வசதி இருக்கு"ன்னு போன்ல சொன்னத நம்பி ஊட்டி போய் பட்ட பாடு

தண்டுவடம் அடிபட்டு 9 வருஷமா எனக்கு வீல்சேர்தான். எங்க குரூப்ல எட்டு பேர், அதுல ஆறு பேர் வீல்சேர், ரெண்டு பேர் போலியோ வந்து காலிப்பர் (காலத் தாங்குற கம்பிச் சட்டம்) போட்டு நடக்குறவங்க. துணைக்கு நாலு பேரையும் சேத்து தலைக்கு 8,500 ரூபா, சென்னையில ஒரு டூர் ஏஜென்ட்கிட்ட மொத்தமா கட்டிட்டோம். ராம்ப் இருக்கா, பாத்ரூமுக்குள்ள சேர் போகுமா, வேன்ல லிஃப்ட் இருக்கான்னு ஒவ்வொண்ணா கேட்டேன், எல்லாத்துக்கும் "இருக்கு சார், கவலையே படாதீங்க"ன்னாரு.

மேட்டுப்பாளையம் வரைக்கும் ரயில் டிக்கெட் நாங்களே மாற்றுத்திறனாளி கன்செஷன்ல போட்டோம் (ஸ்லீப்பர்ல 75% தள்ளுபடி, துணைக்கு வர்றவங்களுக்கும் உண்டு, தெரியாதவங்க தெரிஞ்சுக்கோங்க). இறங்கிப் பாத்தா லிஃப்ட் வேன் இல்ல, சாதா டெம்போ டிராவலர். பாவம் அந்த டிரைவர் தம்பி, ஒவ்வொருத்தரையா தூக்கி உக்கார வச்சாரு. எங்களுக்கு இடுப்புக்கு மேல பேலன்ஸ் கிடையாது, சீட்ல பெல்ட்டும் இல்ல, துண்டால சீட்டோட சேத்து கட்டிக்கிட்டுதான் குன்னூர் வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவும் ஏறினோம்.

ஹோட்டல் வாசல்ல மூணு படி, மொத்தம் 20 இன்ச் உயரம் இருக்கும். அதுமேல அஞ்சடி பலகைய சாச்சு வச்சுட்டு இதான் ராம்ப்ன்னாங்க. விதிப்படி ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேணும், அப்ப இதுக்கு 20 அடி வரணும். தள்ளும்போது ஒருத்தரோட சேர் பின்னாடி சாஞ்சிடுச்சு, நல்லவேளை ரெண்டு பேர் புடிச்சுட்டாங்க.

பாத்ரூம்தான் கொடுமை. குரூப்ல ஒரு அக்கா டெய்லர், அவங்க பையில இருந்த டேப்ப எடுத்து அளந்தா கதவு 22 இன்ச், எங்க சேர் 25. பெட்ஷீட்ட திரையா புடிச்சுக்கிட்டு ரூமுக்குள்ளயே எல்லாம் பண்ண வேண்டியதா போச்சு. அந்தக்கா கூச்சப்பட்டு ரெண்டு நாள் சரியா தண்ணியே குடிக்கல, ஊருக்கு வந்ததும் யூரின் இன்ஃபெக்ஷன், நாலு நாள் ஆஸ்பத்திரி. வீட்ட விட்டு டூர்னு அவங்க கெளம்பினதே கல்யாணத்துக்கு அப்புறம் இதான் மொத தடவ, அத நெனச்சா இப்பவும் மனசு ஆறல.

ஏஜென்ட்கிட்ட கேட்டா "ஹோட்டல்காரன் அப்படித்தான் சொன்னான் சார், நான் நேர்ல பாக்கல"ங்கிறாரு. பாக்காமயே எட்டு பேர அனுப்பிருக்காரு! 10,000 திருப்பித் தரேன், எங்கயும் எழுதாதீங்கன்னாரு, வேணாம்னுட்டேன்.

புக் பண்ற முன்னாடி கதவு மேல டேப் வச்சு அளக்குற வீடியோ கேளுங்க, வாசல்ல இருந்து கமோடு வரைக்கும் ஒரே வீடியோவா. கட்டில் உயரமும் கேளுங்க. சொன்னதெல்லாம் வாட்ஸ்ஆப்ல எழுத்துல வாங்கி வைங்க, நாங்க போன்லயே பேசினதால இப்ப ப்ரூஃப் இல்லாம கஷ்டப்படுறோம். 1915ங்கிற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர்ல புகார் குடுத்திருக்கோம், அடுத்து நுகர்வோர் ஆணையம், நாம கட்டின பணம் 5 லட்சம் வரைக்கும்னா அங்க ஃபீஸ் கிடையாது. அக்காவோட ஆஸ்பத்திரி பில்லையும் சேத்துதான் கேக்கப்போறோம்.