பழைய டயர் வண்டியா, பெல்ட் வண்டியா? கியர்பாக்ஸ் சூடானால் தெரியும்

பெங்களூரில் இருந்துகொண்டு மண்டியா பக்கம் நெல் அறுப்புக்கு விடலாம் என்று, மச்சானும் நானும் பங்கு போட்டு ஒரு பழைய ஹார்வெஸ்டர் வாங்கினோம். சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டை மேல் ஓடும் பெல்ட் வண்டியும் பட்ஜெட்டுக்குள் வந்தது, ஆனால் டயர் வண்டிதான் எடுத்தோம்.

சேறு நின்றால் பெல்ட் வண்டிதான் இறங்கும், மணி வாடகையும் கூடுதல். டயர் வண்டி ரோட்டில் தானே ஓடிப் போகும், மற்றதற்கு லாரி வேண்டும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பழைய வண்டிக்கு நான் போடுகிற கேள்வி வேறு: சீசன் நடுவில் கியர்பாக்ஸ் சூடேறி, பிரேக்கும் மக்கர் செய்தால், காரணத்தை வரப்பிலேயே பிடிக்க முடியுமா?

டயர் வண்டியில் பெரும்பாலும் முடியும். பல பழைய மாடல்களில் பிரேக் சக்கரத்தில் இருக்காது, கியர்பாக்ஸின் இரு பக்கமும் ஒட்டி இருக்கும். ஒரு பக்க பிரேக் பிடித்தபடியே நின்றால் அந்தச் சூடு நேராகப் பெட்டிக்குள் போகும். இது தெரியாமல் பெட்டியைப் பிரித்தால் செலவு தண்டம். வயல் முனையில் ஒரே பக்கப் பெடலை மிதித்துத் திருப்புவதால் இரண்டு பக்கமும் சமமாகத் தேயாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கொஞ்ச நேரம் அறுத்துவிட்டு டெம்பரேச்சர் கன்னால் இரண்டு பிரேக் உறையிலும், நடுப்பெட்டியிலும், புல்லி பக்க பேரிங்கிலும் அளந்து பாருங்கள். பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்துக் காட்டும், கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அதிகச் சூடு என்றால் முதல் சந்தேகம் பிரேக் மேல். புல்லி பக்கம் என்றால் அதை ஓட்டும் பெல்ட் நழுவுகிறது, சுற்றிலும் கறுப்புத் தூள் கிடக்கும். பெட்டி மொத்தமும் சூடு என்றால் ஆயில்: குறைந்தாலும் தப்பு, அளவுக்கு மேல் ஊற்றினாலும் பல்சக்கரம் கடைந்து நுரைத்துச் சூடேறும். ஆயில் வடிக்கும் டிரெய்ன் பிளக்கின் காந்தத்தில் உலோகத் தூள் மை போல ஒட்டியிருந்தால் பயமில்லை. செதில் செதிலாக இருந்தால்தான் பெட்டியைப் பிரிக்க வேண்டும்.

பிரேக் என்று தெரிந்த பிறகு, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, அந்தப் பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பிரேக் ஆயிலை வெளியே விடும் பிளீடர் திருகைச் சற்றுத் திறக்கவும். உடனே இளகினால் பிரஷர் திரும்பாமல் நிற்கிறது: பெடலில் சிறு தளர்வு (ஃப்ரீ பிளே) இல்லாமல் மாஸ்டர் சிலிண்டர் அடைபட்டிருக்கும், அல்லது ஹோஸ் உள்ளே உப்பியிருக்கும். இளகாவிட்டால் பிஸ்டனோ லீவரோ துருப்பிடித்திருக்கிறது. பிரேக் ஆயில் டப்பா மூடியில் டாட் 3 என்று போட்டிருந்தால் அதையே ஊற்றுங்கள். அங்கே ஹைட்ராலிக் ஆயில் போனால் ரப்பர் சீல் உப்பிவிடும். டாட் 3-ஐயும் பல வருஷம் மாற்றாமல் விடக்கூடாது. புதிதாக 205 டிகிரி வரை கொதிக்காத டாட் 3, ஈரம் இழுத்த பிறகு 140-க்கே கொதிக்கலாம். பெங்களூரிலிருந்து சேலம் பக்கம் ஓட்டிப் போனால் தொப்பூர் இறக்கத்தில் அது தெரியும். அங்கே சின்ன கியரில் இறங்குங்கள், பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள்.

பெல்ட் வண்டியை நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை, தெரிந்தவர் வண்டிகளில் பார்த்ததைச் சொல்கிறேன். ஆயில் அழுத்தத்தால் வண்டியை நகர்த்தும் ஹைட்ரோஸ்டாடிக் பம்ப், கியர், திருப்பும் கிளட்ச், பிரேக் எல்லாம் பல மாடல்களில் ஒரே தொகுப்பு, ஆயிலும் ஒன்றே. காலையில் நன்றாக இழுக்கும், மதியம் சோர்ந்துவிடும். சூட்டில் ஆயில் நீர்த்து பம்ப்புக்குள்ளேயே கசிவதுதான் காரணம். கூலரில் தூசும் வைக்கோலும் அடைத்திருந்தால் அதிர்ஷ்டம், ஊதிவிட்டால் சரியாகிவிடும். இல்லையென்றால் ஃபில்டரா, பம்ப் தேய்மானமா, பிரேக் உரசலா என்று பிரித்தறிய பிரஷர் கேஜ் வேண்டும், அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். ஆயில் 82 டிகிரியைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தால் சீல்களும் கெடும். பெங்களூர் பீன்யாவில் ஹைட்ராலிக் பட்டறைக்குப் பஞ்சமில்லை, ஆனால் அறுப்பு நேரத்தில் பம்ப்பைக் கழற்றி அங்கே கொண்டுவந்தால் அந்த வாரம் போச்சு. டயர் வண்டியின் பிரேக் சாமானோ பெங்களூர் ஜேசி ரோட்டில் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

டெல்டாவில் ஈர வயல்தான் பிழைப்பு என்றால் என் கணக்கு செல்லாது, பெல்ட் வண்டியே எடுங்கள். ஆனால் காலையில் போய்ப் பார்க்காதீர்கள். மதியம் வரை அறுத்த வண்டியை, சூடு ஆறுவதற்குள் ஒரு மேட்டில் ஏற்றிக் காட்டச் சொல்லி, அப்புறம் விலை பேசுங்கள்.