செல்லுலோஸ் ஸ்பாஞ்ச் துணி: அடுப்பு மேடைக்கு நான் வாங்குவது இதைத்தான்

மேல்நிலை வகுப்புக்குத் தாவரவியல் எடுக்கிறேன். செல் சுவர் பாடம் வந்தால் இந்தத் துணியில் ஒன்றைக் கையோடு கொண்டுபோவேன். வீட்டில் அடுப்பு மேடை துடைப்பதும் இந்தத் துணியால்தான்.

காய்ந்திருக்கும்போது அப்பளம் மாதிரி விறைத்துக் கிடக்கும். குழாயடியில் காட்டினால் உடனே தடித்து மெத்தென்று ஆகிவிடும். செல்லுலோஸின் குணம் அது. ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகளை நீளவாக்கில் கோத்த சங்கிலி அது. காயும்போது பக்கத்துச் சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் இடையில் புகுந்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. ஆனாலும் துணி கரைவதில்லை, ஏனென்றால் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கிய பகுதிகளுக்குள் தண்ணீர் போக முடியாது. செடியின் செல் சுவருக்குப் பலம் கொடுப்பதும் இந்த அடுக்குதான்.

சிந்திய பாலை ஒரே இழுப்பில் எடுத்துவிடுகிறது. துணி முழுக்க உள்ள துளைகள்தான் காரணம். மரக்கூழைக் கரைசலாக்கி, அதில் சோடியம் சல்பேட் உப்புப் படிகங்களைக் கலந்து சூடாக்குவார்கள். உப்பு கரைந்து போன இடமெல்லாம் துளையாக நிற்கும். கிழியாமல் இருக்கப் பருத்தி இழையும் சேர்ப்பார்கள். அந்தக் கரைசலுக்குக் கார்பன் டைசல்பைடு என்ற நச்சு வேதிப்பொருள் தேவைப்படுகிறது. ‘முழுக்க இயற்கை’ என்று விற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

மஞ்சள் கறைதான் பெரிய குறை. மஞ்சள்தூளின் நிறப்பொருளான குர்குமின் செல்லுலோஸில் நேராக ஒட்டிக்கொள்ளும். காரத்தன்மை உள்ள சோப்புப் போட்டால் கறை சிவக்கும், பயப்பட வேண்டாம். அலசி வெயிலில் போடுங்கள், நன்றாகவே வெளுக்கும். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், சங்கிலிகளை அறுத்துத் துணியை நைய வைத்துவிடும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் நாற்றம் வரும். பிழிந்து விரித்துப் போட்டாலே போதும்.

கடையில் ஸ்பாஞ்ச் என்று கேட்டால் பாலியூரிதேன் நுரையையும் எடுத்துத் தருகிறார்கள். காய்ந்த பிறகும் மெத்தென்று இருந்தால் அது பிளாஸ்டிக். சாதாரணத் துணியைவிட இதற்கு விலை கூடுதல்தான், சரி. ஆனால் நைந்து போனதும் நறுக்கி உரக்குழியில் போடலாம். மண்ணில் உள்ள பூஞ்சையும் பாக்டீரியாவும் செல்லுலோஸைச் சிதைக்கும் செல்லுலேஸ் என்ற நொதியால் அதை அரித்துத் தின்றுவிடும். அதற்கே இந்த விலையைத் தாராளமாகக் கொடுப்பேன்.